அரை வாட்டில் நின்ற ஆம்ப்ளிஃபயர்

வீட்டில் கட்டிய சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஹாம்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள்) 40 மீட்டர் என்று சொல்லும் 7 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் 200 மில்லிவாட் கொடுக்கும். நல்ல காலைப் பொழுதாக இருந்தால் பெங்களூரு நண்பர் "ஏதோ கேக்குது, யாருன்னு தெரியல" என்பார். அந்த 200 மில்லிவாட்டை 5 வாட்டாக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டலாம் என்று மார்ச் கடைசியில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் கொடுக்கும் வோல்டேஜுக்கு ஏற்ப டிரெயின் என்ற காலில் கரண்ட்டை விடும் டிரான்சிஸ்டர்), 12 வோல்ட், இரண்டு காயில். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடியும் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். முடிந்தது கத்திரி வெயிலில்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஐ.ஆர்.எஃப் 510 என்ற மாஸ்ஃபெட் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைத் துழாவிவிட்டு, "510 ஸ்டாக் இல்ல சார், 540 எடுத்துக்கோங்க, இன்னும் பெரிசு. அதே விலைதான்" என்றார். இன்வெர்ட்டர் வேலைக்கு அவர் சொன்னது சரி. ரேடியோ அலைக்குப் பெரிதாக இருப்பதுதான் தொந்தரவு. 510-இன் கேட் பக்கம் 180 பிகோஃபாரட் என்றால் 540-இல் அது 1,700. என் 200 மில்லிவாட் முழுவதும் அந்தக் கெபாசிட்டரை நிரப்பிக் காலி செய்வதிலேயே போய்விடும். நாலு கடை தள்ளி 510 கிடைத்தது. ஐந்து வாங்கினேன். எப்படியும் இரண்டு புகையும் என்ற அனுபவம்தான்.

சர்க்யூட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. கேட்டுக்கு முன்னால் 10 ஓம் ரெசிஸ்டர், கூடவே ஒரு ஃபெரைட் மணி. இவை இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே ஆடத் தொடங்கிவிடும். பயாஸுக்கு, அதாவது மாஸ்ஃபெட்டைச் சற்றே திறந்து வைக்கும் கேட் வோல்டேஜுக்கு, 5 வோல்ட் ரெகுலேட்டரும் ஒரு பிரீசெட்டும். டிரைவ் (உள்ளே கொடுக்கும் சிக்னல்) இல்லாதபோது டிரெயின் கரண்ட் 50 மில்லியாம்பியர். டிரெயினுக்கு 12 வோல்ட்டை விட்டு ரேடியோ அலையைத் தடுக்கும் சோக், எஃப்.டி 50-43 ஃபெரைட் வளையத்தில் 8 சுற்று. அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக மேட்சிங் (ஆன்டெனா பக்கத்து 50 ஓமை மாஸ்ஃபெட்டுக்கு வேறு ஓமாகக் காட்டும் காயிலும் கெபாசிட்டரும்), பிறகு வேண்டாத உயர் அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்ட்டர். ஃபில்ட்டர் பழைய பிராஜெக்ட்டில் கட்டிச் சோதித்தது, அதில் கை வைக்கவில்லை.

மேட்சிங்கில்தான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

கையில் ஒரு நானோ வி.என்.ஏ. (சின்ன சிக்னல் அனுப்பி இம்பீடன்ஸை, அதாவது ஏ.சி.க்கான எதிர்ப்பை, அளக்கும் கருவி) புதிதாக வந்திருந்தது. பள்ளியில் படித்தது மனதில் இருந்தது: சோர்ஸின் உள் எதிர்ப்பும் லோடும் சமமாக இருந்தால் அதிகபட்ச பவர் போகும். ஆக, ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸை அளந்து, அதை 50 ஓமுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா? பயாஸ் மட்டும் கொடுத்து, இன்புட்டில் 50 ஓம் போட்டு, வி.என்.ஏ.வை டிரெயின் பக்கம் (நடுவில் கெபாசிட்டர் வைத்துத்தான்) மாட்டினேன். சுமார் 100 ஓம், அதற்கு இணையாக 130 பிகோஃபாரட் என்று காட்டியது. 100-ஐ 50 ஆக்குவது எல்லாவற்றிலும் சுலபமான எல்-மேட்ச் (ஒரு காயில், ஒரு கெபாசிட்டர்). தொடரில் 1.1 மைக்ரோஹென்றி, டிரெயினிலிருந்து கிரவுண்டுக்கு 224 பிகோஃபாரட். அதில் 130-ஐ மாஸ்ஃபெட்டே கொடுத்துவிடுகிறது, நான் போட வேண்டியது 100 பிகோஃபாரட் மட்டும். சிவப்பு டி50-2 வளையத்தில் 15 சுற்று. சுற்றி முடித்து மறுபடி வி.என்.ஏ. மாட்டினால், உள்ளே பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 (50 ஓமிலிருந்து எவ்வளவு விலகல் என்பதன் அளவு; 1 என்றால் கச்சிதம்). படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அதை இப்போது யாரும் திறந்து பார்க்காமல் இருந்தால் நல்லது.

டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டர்) மாட்டி, டிரைவ் கொடுத்தேன். அரை வாட்.

டிரைவைக் கூட்டினேன். அரை வாட்டுக்கு மேல் கொஞ்சம் நெளிந்தது, அவ்வளவுதான். மாஸ்ஃபெட்டை மாற்றினேன், அரை வாட். பயாஸை 100 மில்லியாம்பியர் வரை ஏற்றினேன். அரை வாட், கூடவே சூடு. சோக்கில் தப்போ என்று இன்னும் நாலு சுற்று கூட்டினேன். எந்த மாற்றமும் இல்லை. கடைசியில் ஸ்கோப் (அலையை வரைந்து காட்டும் கருவி) புரோபை நேராக டிரெயினிலேயே வைத்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அலையின் அடிப்பாகம் தட்டையாக இருந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றரை இரண்டு வோல்ட்டில், யாரோ ஸ்கேல் வைத்துத் தேய்த்த மாதிரி. டிரைவைக் கூட்டினால் அந்தத் தட்டை அகலமாகிறதே தவிர அலை உயரவில்லை.

பெரம்பூரில் ஒரு மூத்த ஹாம் இருக்கிறார். வால்வு காலத்திலிருந்து டிரான்ஸ்மிட்டர் கட்டுகிறவர். நான் சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். போனில் முழுக் கதையையும் சொன்னேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.1 என்று அழுத்திச் சொன்னேன்.

"உன் வீட்டு ஈ.பி. லைன் உள் எதிர்ப்பு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"அரை ஓம் இருக்கலாம் சார்."

"அப்ப அரை ஓம் ஹீட்டர் வாங்கி மாட்டேன். மேட்ச் ஆகும்ல."

கணக்குப் போட்டால் 230 ஆம்பியர். ஹீட்டருக்கு 26 கிலோவாட், லைனுக்கும் 26 கிலோவாட். ஃபியூஸ் ஒரு நொடி தாங்காது.

"ஈ.பி.காரன் லைனை 230 வோல்ட்டுக்குக் கட்டியிருக்கான், உனக்கு மேட்ச் ஆகணும்னு கட்டல. சரி, அதை விடு. உன்கிட்ட எத்தனை வோல்ட் இருக்கு?"

"12."

"அடியில மாஸ்ஃபெட் ரெண்டு வோல்ட் சாப்பிட்டுடும். ஆட்டத்துக்கு மிச்சம் 10. 5 வாட் வேணும்னா அந்த 10 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஆடணும்?"

உச்ச வோல்டேஜையும் உச்ச கரண்ட்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் பவர். 10 வோல்ட், 5 வாட், அப்படியென்றால் 1 ஆம்பியர். 10 வோல்ட்டை 1 ஆம்பியரால் வகுத்தால் 10 ஓம். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "நீ 100 ஓம் காட்டியிருக்க. 10 வோல்ட்டுக்கு அதுல 0.1 ஆம்பியர்தான் போகும். அரை வாட். உன் ஆம்ப்ளிஃபயர் ஒழுங்காத்தான் வேலை செய்யுது."

வி.என்.ஏ. பொய் சொல்லவில்லை. அது ஒரு மில்லிவாட்டுக்கும் கீழான சிக்னலை அனுப்பி, அந்தச் சிக்னலுக்கு மாஸ்ஃபெட் எப்படித் தெரிகிறது என்று சொன்னது. நுனிவிரலால் தொடுவது மாதிரி. முழு டிரைவில் மாஸ்ஃபெட் ஒவ்வொரு சைக்கிளிலும் பாதி நேரம் அணைந்து கிடக்கிறது, மீதி நேரம் ஆம்பியர் கணக்கில் இழுக்கிறது, அடியில் போய் முட்டுகிறது. அந்த வேலையில் அதன் எல்லையைச் சொல்வது வோல்டேஜும் கரண்ட்டும்தான். மீன்பாடி வண்டி மிதிக்கிறவரின் காலுக்கு ஒரு நீளம், அழுத்தத்துக்கு ஒரு அளவு. இரண்டும் சேர்ந்து தீர்ந்துபோகும் பாரம்தான் அந்த வண்டிக்குச் சரியான பாரம். 100 ஓம் என்பது காலி வண்டி. கால் முழுச்சுற்றும் சுற்றுகிறது, சரக்கு இல்லை.

இதைச் சூத்திரமாகவும் எழுதலாம்: ஆடக் கிடைக்கும் வோல்ட்டின் வர்க்கத்தை, வேண்டிய வாட்டின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 100-ஐ 10-ஆல் வகுத்தால் 10 ஓம். இதில் மாஸ்ஃபெட்டின் பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டேட்டாஷீட்டில் ஆன் நிலை எதிர்ப்பு 0.54 ஓம் என்று இருக்கிறது. அதற்கு மேட்ச் செய்ய வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் இந்தக் கணக்கில் இல்லை, அடியில் சாப்பிடும் வோல்ட்டில் கொஞ்சம் பங்கெடுப்பதைத் தவிர.

சரி, 10-ஐ 50 ஆக்கும் எல்-மேட்ச். விகிதம் 5, அதில் ஒன்று கழித்தால் 4, வர்க்கமூலம் 2. இந்த எண்ணுக்குச் சர்க்யூட்டின் கியூ என்று பெயர். தொடர் காயிலுக்கு 10-இன் இரு மடங்கு, 20 ஓம். கெபாசிட்டருக்கு 50-இல் பாதி, 25 ஓம். இந்தத் தடவை கெபாசிட்டர் டிரெயின் பக்கம் வராது, 50 ஓம் இருக்கும் பக்கம் போகும். 7.1 மெகாஹெர்ட்ஸில் 0.45 மைக்ரோஹென்றி, 900 பிகோஃபாரட். மாஸ்ஃபெட்டின் சொந்த 130 பிகோஃபாரட் இப்போது கணக்கிலேயே வராது. 170 ஓமுக்கும் மேலான ரியாக்டன்ஸ் (கெபாசிட்டரின் ஏ.சி. எதிர்ப்பு), 10 ஓமுக்கு இணையாக இருந்தால் என்ன செய்துவிடப் போகிறது?

அந்த 15 சுற்று வளையத்தைப் பிரித்தேன். அதே கம்பியிலேயே 10 சுற்று. டி50-2-இல் சுற்றின் வர்க்கத்தை 4.9 நானோஹென்றியால் பெருக்கினால் போதும்; 10 சுற்றுக்கு 490 வருகிறது. வேண்டியது 450. ஒன்பது சுற்றென்றால் 397, அது ரொம்பக் குறைவு. அதனால் 10 சுற்றையும் வைத்துக்கொண்டு, வளையத்தின் முழு வட்டத்துக்கும் பரவும்படி கம்பிகளை நகத்தால் நகர்த்தி இடைவெளி விட்டேன். நெருக்கினால் இண்டக்டன்ஸ் ஏறும், அகட்டினால் இறங்கும். ஸ்கோப்பில் அலையின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே பிளாஸ்டிக் குச்சியால் ஒவ்வொரு சுற்றாகத் தள்ளியது இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த பத்து நிமிஷம்.

கெபாசிட்டரில் ஒரு சறுக்கல். 820-ஐயும் 82-ஐயும் இணைத்தால் 902, கணக்கு சரி. ஆனால் 820 கையில் இருந்தது சாதாரண பழுப்பு டிஸ்க். முதல் நிமிஷம் பவர் நன்றாக வந்தது, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. காயிலில் விரல் வைத்தேன், வெதுவெதுப்பு. மாஸ்ஃபெட்டைத் தொட்டேன், பரவாயில்லை. டிஸ்க்கில் வைத்த விரலை உடனே எடுத்துவிட்டேன். அந்தக் கெபாசிட்டர் வழியாக 0.6 ஆம்பியருக்கு மேல் ரேடியோ கரண்ட் ஓடுகிறது. பைபாஸ் வேலைக்கு இருக்கும் டிஸ்க் அதற்கு லாயக்கில்லை, சூடானால் மதிப்பும் நகரும். மறுநாள் மாலை மறுபடி ரிச்சி தெரு, சூட்டில் மதிப்பு நகராத என்.பி.0 வகை கேட்டு வாங்கி, ஒன்றுக்குப் பதில் சின்னதாக நாலைந்தை இணையாகப் போட்டேன். கரண்ட் பங்கு போட்டுக்கொண்டது, சூடு போயிற்று.

இப்போது ஸ்கோப்பில் டம்மி லோட் மீது உச்சிக்கு உச்சி 44.6 வோல்ட். 50 ஓமில் அது 5 வாட்டுக்கு ஒரு முடி குறைவு. சப்ளையில் 0.7 ஆம்பியர், ஆக உள்ளே போவது 8.4 வாட். கிட்டத்தட்ட 60 சதவீதம் வெளியே வருகிறது. பள்ளிக்கூடக் கணக்குப்படி உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிஜமாகவே உட்கார்ந்திருந்தால், லோடுக்குப் போகும் அளவு அதிலும் எரிந்தாக வேண்டும். பாதிக்கு மேல் வெளியே வரவே வராது. என் மேசையில் பாதிக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் முழு டிரைவில் இதன் அவுட்புட் இம்பீடன்ஸ்தான் என்ன? ஆசை விடவில்லை. டம்மி லோட் 1 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர்கள் 20-ஐ இணையாகச் சால்டர் செய்தது. சரியாக 50 ஓம். இன்னும் இரண்டைச் சேர்த்தால் 22, அதாவது 45.45 ஓம். லோடைக் கொஞ்சம் மாற்றி, வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது, கரண்ட் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் உள் எதிர்ப்பு வரும். இரண்டு ரெசிஸ்டரையும் முதலைக் கிளிப்பில் தொங்கவிட்டு, மாட்டி, எடுத்து, மாட்டிப் பார்த்தேன். 44.6 இறங்கி 42-இல் நின்றது. உச்ச வோல்டேஜில் 1.3 குறைவு, உச்ச கரண்ட்டில் 16 மில்லியாம்பியர் கூடுதல். 81 ஓம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். 42-ஆ, 42.6-ஆ? கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கிறது. 42.6 என்று எடுத்தால் விடை 44 ஓம். 0.6 வோல்ட் வாசிப்பில் உள் எதிர்ப்பு பாதியாகிவிட்டது! அந்த ராத்திரி எட்டு தடவை அளந்தேன், எட்டு விடை. எல்லாம் 40-க்கும் 80-க்கும் நடுவில் எங்கெங்கோ. டிரைவைக் குறைத்து அளந்தால் அதுவும் மாறிவிட்டது. அமெரிக்க ஹாம் உலகில் 1990-களில் வாரன் புரூனியும் வால்டர் மேக்ஸ்வெல்லும் இதே விஷயத்தில் மோதிக்கொண்டார்கள். டிரான்ஸ்மிட்டர் லோடோடு கான்ஜுகேட் மேட்ச் (அந்தப் பள்ளிக்கூடச் சமம்தான், ஏ.சி.க்கு) ஆகியிருக்கிறதா இல்லையா என்பது சண்டை. இருவருமே நிஜமாக அளந்து பார்த்தவர்கள், சும்மா வாதத்துக்கு நின்றவர்கள் இல்லை. அந்தச் சண்டை ஏன் ஓயவில்லை என்பது என் ஸ்கோப் கோட்டின் தடிமனைப் பார்த்தபோது புரிந்தது. எனக்கு அந்த எண்ணே தேவைப்படவில்லை என்பதும் கூடவே.

தேவைப்பட்டது இன்னொரு சோதனை. லோ-பாஸை எடுத்துவிட்டு, லோடை 25 ஓம் ஆக்கினேன் (இன்னொரு 20 ரெசிஸ்டர்), பிறகு 100 ஓம் (முதல் 20-இல் பத்தை வெட்டிவிட்டு). எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான், 2. மாஸ்ஃபெட்டுக்கு ஒன்றே இல்லை. 25 ஓம் போட்டபோது சப்ளை கரண்ட் குறைந்தது, ஹீட் சிங்க் அமைதியாக இருந்தது. 100 ஓம் போட்டபோது கரண்ட் அப்படியே நின்றது, வெளியே வந்தது மட்டும் 3 வாட்டுக்கு இறங்கிவிட்டது. மீதி 5 வாட்டுக்கு மேல் ஹீட் சிங்க்கில். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிகிறது. இந்த எல்-மேட்ச் தலைகீழாகக் காட்டுகிறது: வெளியே 100 என்றால் டிரெயினுக்கு 6 ஓம் மாதிரி தெரியும், வெளியே 25 என்றால் 12 ஓமுக்குக் கொஞ்சம் மேல். வெளியே ஒன்றுமே இல்லை என்றால், அதாவது ஆன்டெனா கழன்றுவிட்டால், டிரெயினுக்கு ஏறக்குறைய ஷார்ட். லோ-பாஸையோ நீளமான கேபிளையோ சேர்த்தால் இந்தக் கணக்கு மறுபடி திரும்பிவிடும். "எஸ்.டபிள்யூ.ஆர். 2 வரை ஓகே" என்று பெட்டியில் எழுதுகிறவர்கள் எந்த 2 என்று சொல்வதில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர். பற்றி இன்னொன்று. உள் இம்பீடன்ஸ் சரியில்லாவிட்டால் மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறும் என்று நானும் நம்பியிருந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் ஒரு குழாய் நட்டு, இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் கம்பி கூடாரம் மாதிரி இறங்குகிறது, அதுதான் என் ஆன்டெனா. பழைய 15 சுற்று காயிலோடு அதில் மாட்டியபோது மீட்டர் 1.6 காட்டியது. 10 சுற்றுக்கு மாறியபிறகும் 1.6. பவர் பத்து மடங்கு ஏறியிருக்கிறது, உள்ளே இருக்கும் எல்லாம் மாறியிருக்கிறது, அந்த எண் அசையவில்லை. அது கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் உள்ள சமாச்சாரம், ஆம்ப்ளிஃபயருக்கு அதில் பேச்சே இல்லை. (1.6-ஐக் குறைத்தது கடைசியில் ஒரு உப்புத்தாள். திருவான்மியூர் கடல்காற்றில் கனெக்டரின் நடுப்பின் பச்சை பிடித்திருந்தது.)

மே மாதம் வந்ததும் பயாஸ் கதை ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு 50 மில்லியாம்பியர் வைத்தால், மதியம் அரை மணி நேரம் பேசியபிறகு டிரைவ் இல்லாமலே 110. சூடாக ஆக 510-இன் கேட் திறக்கும் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும், அதனால் இன்னும் சூடு. மொட்டை மாடிக்குக் கீழே நேராக இருக்கும் அறையில், ஃபேன் வெந்நீர்க் காற்றை வீசும்போது, இது விளையாட்டில்லை. ஒரு 510 இப்படித்தான் போனது. பிறகு 1என்4148 டயோடு ஒன்றை ஹீட் சிங்க்கிலேயே ஒட்டி பயாஸ் வழியில் சேர்த்தேன். ஹீட் சிங்க் சூடானால் டயோடின் வோல்டேஜ் இறங்கி பயாஸையும் கூடவே இறக்கும். இப்போது 50 வைத்தால் 65-ஐத் தாண்டுவதில்லை.

எல்லாம் பெட்டிக்குள் போன அன்று, மூடியைத் திருகுமுன், ஒரு குறும்பு. டிரைவை எடுத்துவிட்டு, பயாஸ் மட்டும் வைத்து, வி.என்.ஏ.வை அவுட்புட்டில் மாட்டினேன். முதலில் 1.1 காட்டிய அதே இடம், அதே முறை. எஸ்.டபிள்யூ.ஆர். 10-க்குப் பக்கத்தில் காட்டியது. படம் பிடித்து சாருக்கு மட்டும் அனுப்பினேன். "பவர் எவ்வளவு?" என்று ஒற்றை வரி வந்தது. 5 என்று பதில் போட்டுவிட்டு மூடியைத் திருகினேன்.

மறுநாள் காலை பெங்களூரு நண்பர் என் ஹாம் அடையாளமான கால்சைனை முதல் தடவையிலேயே முழுசாகத் திருப்பிச் சொன்னார்.